பட்டிக்காட்டில் காடு

கடப்பாரையை ஓங்கிக் குத்தினால் ணங்கென்று சத்தம் வந்தது. அடியில் பாறை இருக்கிறது போல என்று நினைத்து இரண்டு அடி தள்ளிக் குத்தினேன், அங்கேயும் அதே சத்தம். பாறை எதுவும் இல்லை, வெறும் மண்தான். இருபத்தைந்து வருடம் மாடுகள் நின்றும் படுத்தும், மழைக்காலத்துச் சேற்றில் மிதிபட்டும், அப்புறம் கோடை வெயிலில் காய்ந்தும் சுட்ட செங்கல் மாதிரி இறுகிப்போன மண். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. கல்கட்டுக்கு அந்தப் பக்கம், காப்பிச் செடிகளுக்கு நடுவே, அதே கடப்பாரையை வைத்து அழுத்தினாலே ஒரு சாண் இறங்கும். மலை ஒன்றுதான், மழை ஒன்றுதான், மண்ணும் ஒரு காலத்தில் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

இது 2016 ஐப்பசியில். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. இரண்டேகால் ஏக்கர் காப்பி, மீதி ஒன்றேமுக்கால் ஏக்கர் மாட்டுப்பட்டியும் மேய்ச்சலும். அதை வீட்டில் பட்டிக்காடு என்றுதான் சொல்வோம். சேலத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் காடு என்றால் மரம் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சோளக்காடு, மஞ்சக்காடு, மரவள்ளிக்காடு, உழுது போட்ட வெறும் நிலம்கூட காடுதான். "காட்டுக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்றால் களை எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். மரம் அடர்ந்த காட்டைச் சொல்ல நாங்கள் 'ஃபாரஸ்ட்' என்று வேறொரு சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டோம். அதனால் "பட்டிக்காட்டைக் காடாக்கப் போகிறேன்" என்று நான் சொன்னபோது அப்பா, "அதுதான் ஏற்கெனவே காடாச்சே, இன்னும் கொஞ்சம் காப்பி வைக்கப் போறியா?" என்று கேட்டார்.

அப்பா ஓர் எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்தவர். சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நிலம். மாடு வைத்தது ஆசைக்காக இல்லை. காப்பிக்கு எரு வேண்டும், வீட்டுக்கு மாசாமாசம் காசு வேண்டும். 2000-க்கு அப்புறம் இரண்டு மூன்று வருடம் உலகம் முழுக்கக் காப்பி விலை தரைக்கு வந்ததே, அந்த நாட்களில் பறிப்புக் கூலிக்கே பழம் கட்டவில்லை என்று பலர் பழத்தைச் செடியிலேயே விட்டார்கள். அப்போது எங்கள் வீட்டில் உலை கொதித்தது பால் காசில். என் கல்லூரிக் கட்டணமும் அதே காசில்தான். அதனால் மாட்டைக் குற்றவாளியாக நிறுத்தி யாராவது பேசினால் எனக்குச் சங்கடமாக இருக்கும். பதினாலு மாடுகளும் அக்கம்பக்கத்து உருப்படிகளும் அந்த நிலத்தில் நின்றதால்தான் நான் படித்தேன். ஆனால் அந்த நிலம் என்ன ஆனது என்பதும் உண்மை. பட்டிக்குக் கீழே, கல் இடுக்கில் ஓர் ஊற்று உண்டு. அப்பா நிலம் வாங்கியபோது சித்திரையிலும் அதில் குடத்தை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்களாம். எனக்கு நினைவு தெரிந்து மாசியிலேயே அது ஈரக்கல்லாகிவிடும். மலையில் வருடத்துக்குச் சுமார் 1500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, குறைவே இல்லை. இறுகின தரையில் விழுந்த மழை இறங்காமல் வழுக்கிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடிவிடுகிறது, அவ்வளவுதான்.

முதல் வருடம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். முந்நூறு கன்றுகள் இலவசமாகக் கிடைத்தன. சேலத்திலிருந்து நண்பர்கள் வேன் பிடித்து வந்தார்கள். கயிறு கட்டி, பத்தடிக்கு ஒரு குழி என்று வரிசை பிசகாமல் நட்டோம். படம் எடுத்தோம், சாப்பிட்டோம், எல்லோரும் மலை இறங்கினார்கள். கன்றுகளில் பாதிக்கு மேல் கீழ்நாட்டு மரங்கள், நாலாயிரம் அடிக்கு மேலே குளிரில் வளரவே வளராதவை. பைக்குள் வேர் சுருண்டு கிடந்ததையும் நான் அப்போது கவனிக்கவில்லை. தை வருவதற்குள் புல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. மார்ச்சில் யாரோ சாலையோரம் போட்ட நெருப்பு சரிவு ஏறி வந்து ஒரே மதியத்தில் முக்கால் பட்டியைத் தின்றுவிட்டுப் போனது. மே மாதம் எண்ணிப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை முப்பத்தெட்டு.

அந்தப் புல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சரிவின் மேல்பாதியில் இருப்பது போதைப்புல், கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கும், இந்த மலைக்குச் சொந்தமானது. கீழ்ப்பாதியில் இருப்பது கினியாப் புல். அதை மாட்டுக்காக அப்பாவே கரணை வாங்கி வந்து நட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து தீவனத்துக்காக உலகம் முழுக்கப் போன புல் அது, மாடு தின்னத் தின்னத் தழையும். மாடு போன பிறகு தின்ன ஆளில்லாமல் ஆள் உயரத்துக்கு எழுந்தது. அடியில் முழங்கால் உயரக் கன்றுக்கு ஒரு கீற்று வெயில் கிடைக்காது. மேல்மண் முழுக்க அதன் வேர்தான் வலைபோட்டிருக்கும், பெய்கிற தூறலை முதலில் அது குடிக்கும். மாசியில் காய்ந்து தீக்கு விறகாகும். எரிந்து முடிந்தபின் முதல் மழைக்கு முதலில் துளிர்ப்பதும் அதேதான். மாட்டை ஓட்டிவிட்டால் காடு தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, நானும் வைத்திருந்தேன். கினியாப் புல் இருக்கும் இடத்தில் வராது.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். மலையாளிச் சமூகத்தைச் சேர்ந்தவர் (கேரளத்தோடு சம்பந்தமில்லை, சேர்வராயன் மலையில் இருக்கும் மலைவாழ் மக்களுக்கே அந்தப் பெயர்). சிறுவயதிலிருந்து அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். தீ எரிந்த பிறகு ஒருநாள் பட்டிப் பக்கம் வந்தார். கருகின குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மேலே ஏறிப் போனார். பட்டியின் மேல்கோடியில் ஒற்றை நாவல் மரம் நிற்கிறது, மதிய வெயிலுக்கு மாடுகள் ஒண்டுமே, அந்த மரம். அதன் அடியில் குந்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வந்து பாரு. நீ தண்ணி ஊத்தி வளத்ததெல்லாம் போயிருச்சு. இதையெல்லாம் யாரு நட்டா?"

அந்த மரத்தடியில் நிழல் இருந்ததால் புல் குட்டையாக, சவலையாக இருந்தது. தீ அங்கே வந்து பசியாறாமல் திரும்பியிருந்தது. கையால் புல்லை விலக்கினால் விரல் நீளத்துக்கு, சாண் நீளத்துக்குக் கன்றுகள். நாவல் நிறைய. அது தவிர நறுவிலி, வட்டக்கண்ணி, ஏதோ ஒரு அத்தி வகை, மூன்று சந்தனம். கூடவே உண்ணிச்செடியும் (லாண்டானா) தாராளமாக. தாய் மரம் நாவல்தான், சரி, சந்தனம் எங்கிருந்து வந்தது? "குருவி ஒக்காந்துச்சு, எச்சம் போட்டுச்சு. வேற என்ன. வெட்டவெளியில போயி எந்தக் குருவி ஒக்காரும், சொல்லு" என்றார் தாத்தா.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முந்நூறு குழிகளை நான் எடுத்த இடமெல்லாம் வெட்டவெளி. கன்று நடுவது ஒரு வேலை, விதை வந்து விழ வைப்பது வேறொரு வேலை. இரண்டாவதை நான் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. ஒன்றேமுக்கால் ஏக்கரில் என்னால் எத்தனை வகை மரம் வைக்க முடியும்? முப்பது வகை தேடிப் பிடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஒரு கொண்டைக்குருவிக் கூட்டமும் நாலு குக்குறுவானும் ராத்திரியில் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் அதைவிட அதிகம் கொண்டுவந்து போடும், இறங்கி இருக்க இடம் மட்டும் இருந்தால்.

அதற்கப்புறம்தான் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மாட்டுப் புல்வெளியை மறுபடி காடாக்குவதில் உலகத்துக்கே பாடம் எடுக்கும் இடம் கோஸ்டா ரிகா என்று தெரிந்தது. நம்மைப் போலவே காப்பி மலைகள், நம்மைப் போலவே ஆப்பிரிக்கப் புல். அந்த நாட்டின் தெற்கே கோட்டோ புரூஸ் என்ற பகுதியில் கேரன் ஹோல், ரகான் ஜஹாவி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-இலிருந்து ஒரு பரிசோதனை நடத்துகிறார்கள். கைவிட்ட மேய்ச்சல் நிலத்தில் சில இடங்களில் முழுக்க மரம் நட்டார்கள், சில இடங்களை அப்படியே விட்டார்கள், சில இடங்களில் மட்டும் தீவு தீவாக, நாலு மீட்டர், எட்டு மீட்டர், பன்னிரண்டு மீட்டர் சதுரங்களாக நட்டார்கள். அந்தத் தீவுகளுக்குப் பறவை வந்தது, விதை விழுந்தது, தீவு விரிந்து பக்கத்துத் தீவோடு ஒட்டியது. கொஞ்ச வருடங்கள் போனபின் பார்த்தால், முழுக்க நட்ட இடத்துக்கும் தீவு நட்ட இடத்துக்கும் தானாக முளைத்த கன்றுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. ரொம்பச் சின்னத் தீவுக்குப் பறவை அவ்வளவாக வருவதில்லை என்பதையும் கண்டார்கள். அவர்கள் நட்ட நாலு வகை மரங்களில் ஒன்று எரித்ரினா, நம் கல்யாண முருங்கையின் இனம். இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் காப்பித் தோட்டத்தில் கல்யாண முருங்கையைவிட எளிதாகக் கிடைக்கும் பொருள் வேறில்லை. நிழலுக்காக எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது, வருடாவருடம் கவாத்து செய்கிறோம், வெட்டிய கிளையை மாட்டுக்குப் போடுகிறோம் அல்லது விறகாக்குகிறோம்.

2018 ஆனியில் நாவல் மரத்திலிருந்து தொடங்கி, சரிவில் இறக்கமாக ஆறு தீவுகள் போட்டோம். கைப்பருமன் உள்ள ஆறடிக் கல்யாண முருங்கைப் போத்துகளை மழைக்கு முன்னால் வெட்டி, இரண்டு நாள் நிழலில் சாய்த்து வைத்து, ஒரு முழ ஆழத்தில் நட்டு மண்ணை மிதித்துவிட்டோம். ஒரு தீவுக்கு முப்பது போத்து. பிடித்தவை பிடித்தன, பிடிக்காதவையும் மூன்று வருடம் வெறும் கம்பாக நின்று குருவிக்கு உதவின. பன்றி தோண்டியவை போக முக்கால்வாசி துளிர்த்தன. நட்ட மூன்றாம் நாளே ஒரு போத்தின் நுனியில் இரட்டைவால் குருவி உட்கார்ந்து பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. அது விதை கொண்டுவராது, தெரியும். ஆனாலும் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு போத்தின் அடியிலும் புல்லை வெட்டவில்லை. வெட்டினால் இரட்டிப்பாகத் தழையும். பலகையை வைத்துக் காலால் மிதித்து மடக்கிப் படுக்கவைத்தோம், தண்டு முறியாமல். மடங்கின புல் தனக்குத் தானே மூடாக்காகி வெளிச்சத்தை அடைத்துக்கொள்ளும். எங்களோடு இருபது வருடமாக வேலை செய்யும் அக்கா ஒருத்தர் முதலில், "புல்லை அறுக்காம மிதிக்கறதா?" என்று சங்கடப்பட்டார். ஒரு மாதம் கழித்து அந்த இடம் தனியாகத் தெரிந்ததும் அவரே பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து காப்பித் தோல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மலைக்காரர்கள் எல்லோருக்கும் உபயோகமாகும்.

பல்ப்பரில் பழத்தைப் போட்டால் கொட்டை ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமுமாக வரும். பழ எடையில் பத்தில் நாலு பங்கு தோல்தான். டிசம்பர், ஜனவரியில் இந்தத் தோலை எங்கே கொட்டுவது என்று ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவலி. ஓடையோரம் கொட்டினால் தண்ணீர் கறுத்து நாறிப்போகும். அதே கோட்டோ புரூஸில் ரெபெக்கா கோல் என்ற ஆய்வாளரும் ஜஹாவியும் வேறொன்றைச் செய்தார்கள். 35 மீட்டருக்கு 40 மீட்டர் நிலத்தில் 30 லாரி காப்பித் தோலை அரை மீட்டர் உயரத்துக்குப் பரப்பினார்கள். 2021-இல் முடிவு வெளிவந்தது. இரண்டே வருடத்தில் அந்த இடத்தில் நூற்றுக்கு 80 பங்கு மர நிழல். பக்கத்தில் தோல் போடாத நிலத்தில் 20 பங்கு, மர உயரமும் நாலில் ஒன்று. தோல் அழுகும்போது வந்த சூடும் மூடலும் புல்லை வேரோடு கொன்றுவிட்டன, மிச்சம் எருவானது, மேலே காற்றும் பறவையும் கொண்டுவந்த விதை விழுந்து முளைத்தது. அதே நாட்டில் 1990-களில் ஆரஞ்சுச் சாறு ஆலையின் 12,000 டன் தோலை ஒரு பாழ் மேய்ச்சல் நிலத்தில் கொட்டிவிட்டு மறந்துபோனார்கள். பதினாறு வருடம் கழித்துப் போய்ப் பார்த்த மாணவருக்கு இடத்தின் அறிவிப்புப் பலகையையே கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவு காடு மூடியிருந்தது.

எங்களிடம் முப்பது லாரிக்கு ஏது தோல்? பக்கத்துத் தோட்டங்களில் கேட்டு, "எடுத்துட்டுப் போனா போதும்" என்ற இரண்டு பேரிடமிருந்து 2022 தையில் ஏழு டிரெய்லர் தோல் வந்தது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், கினியாப் புல் மிக மோசமாக இருந்த இடம், ஊற்றிலிருந்து தூரமாக, கீழ்ப்பக்கம் ஒரு வரப்பும் கட்டி, முழங்கால் உயரத்துக்குப் போட்டோம். முதல் வாரம் புளித்த கள் வாசம். அப்புறம் வந்தது வாசம் இல்லை, நாற்றம். ஈ என்றால் அப்படி ஓர் ஈ. நாலாவது நாள் தோலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன், மணிக்கட்டுக்கு மேலே போனதும் சூடு பொறுக்காமல் எடுத்துவிட்டேன். காலையில் பனியோடு சேர்ந்து அந்தச் சதுரம் மட்டும் புகைந்துகொண்டிருக்கும். மாசிக்குள் அரையடியாகத் தணிந்து, கறுத்து, மேலே தோல் காய்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கியது. சித்திரை மழைக்குப் பிறகு கிளறினால் புல் வேர் வெந்த கயிறு மாதிரி கையோடு வந்தது. கூடவே மண்புழு, கொழுத்த வெள்ளைப் புழுக்கள், அவற்றைத் தேடி ராத்திரியில் வந்த காட்டுப்பன்றி. பன்றி எனக்காக அந்த நூறு சதுர மீட்டரையும் உழுது கொடுத்துவிட்டுப் போனது.

முதலில் முளைத்தது மரம் இல்லை. பல்ப்பரில் தப்பித்த கொட்டைகளெல்லாம் திட்டுத் திட்டாகக் காப்பி நாற்றாக எழுந்தன, ஆயிரக்கணக்கில். அவற்றைப் பிடுங்கிப் போட மூன்று ஆள் கூலி ஆயிற்று. செய்பவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆமணக்கு, சுண்டை. சுண்டைக்குக் குருவி வந்தது. பக்கத்துத் தீவின் கல்யாண முருங்கை இரண்டாள் உயரம் ஆகியிருந்தது, அதிலிருந்து இங்கே இறங்கி அங்கே போய் உட்காரும். அடுத்த மழைக்காலத்தில் வட்டக்கண்ணி தட்டுத் தட்டாக இலையை விரித்துக்கொண்டு பதினெட்டு கன்று வந்தது. ஒன்றையும் நாங்கள் நடவில்லை. இன்று அதில் உயரமானது பல்ப்பர் கொட்டகையின் கூரையைத் தாண்டிவிட்டது. அதன் அடியில் கினியாப் புல் ஒரு தாள்கூட இல்லை.

சந்தனம் பற்றியும் ஒரு விஷயம். சேர்வராயன் மலை சந்தனத்துக்குப் பெயர் போனது, பெயர் போனதாலேயே காலியானது. நான் முதல் வருடம் நட்ட சந்தனக் கன்றுகள் நன்றாகத் தண்ணீர் விட்டும் ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் செத்தன. சந்தனம் தனியாக வாழாது, அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்து அதிலிருந்து தண்ணீரும் சத்தும் உறிஞ்ச வேண்டும். நாற்றங்காலில் பையிலேயே பொன்னாங்கண்ணியோ துவரையோ சேர்த்து வைப்பார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் நாவல் மரத்தடியில் குருவி போட்ட மூன்று சந்தனமும் உண்ணிச்செடிப் புதருக்குள்ளேயே முளைத்திருந்தன. சுற்றிலும் பிடித்துக்கொள்ள வேர், மேலே மாடு வாய் வைக்காத முள். உண்ணிச்செடியை நான் வெறுக்கிறேன், அமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக வந்து நம் மலைகளையே விழுங்கிய செடி. என்றாலும் அந்தப் புதரை ஒரே நாளில் சுத்தம் செய்திருந்தால் சந்தனத்தையும் சேர்த்துத்தான் வழித்திருப்பேன். அதனால் வருடத்துக்குக் கொஞ்சமாக எடுக்கிறோம். மேலே வெட்டினால் பத்துக் கிளையாக வரும். மண்ணுக்குள் இரண்டு மூன்று விரல் கீழே, வேர்க்கழுத்துக்கு அடியில் வெட்டித் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.பாபு சொல்லிக்கொடுத்த முறை இது, எங்கள் சரிவில் கண்கூடாகப் பலித்தது.

காட்டுமாடு வந்து இரண்டு தீவுகளை மிதித்ததையும் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் இப்போது தோட்டங்களுக்குள் அவை சாதாரணமாக நடமாடுகின்றன. புல் இருக்கும் இடத்துக்கு அவை வரத்தான் செய்யும். இலந்தை முள்ளை வளைத்துக் கட்டிப் பார்த்தோம், பாதி பலன். அந்த இரண்டு தீவையும் மறுபடி போட்டோம், அவ்வளவுதான்.

இனி காப்பிக் கதை. இந்தப் பட்டி வேலை தொடங்கியபின் காப்பித் தோட்டத்தை நான் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். அராபிகா வகைக் காப்பிச் செடியின் பூர்வீகம் எத்தியோப்பிய மலைக்காடு, பெரிய மரங்களின் அடியில் வாழும் சிறுமரம். நம் பெரியவர்கள் பழைய காட்டு மரங்களை மேலே விட்டு, கல்யாண முருங்கையை நடுவில் வைத்து, கீழே காப்பி வைத்ததும் அதனால்தான். அப்புறம் சில்வர் ஓக் வந்தது, ஆஸ்திரேலிய மரம். பலா, நாவல், வேங்கை, செண்பகம் நின்ற இடமெல்லாம் இன்று அதுதான் வரிசையாக நிற்கிறது.

சித்தப்பாவுக்கும் எனக்கும் இதில் ஓயாத வாக்குவாதம். "சில்வர் ஓக்குக்கு என்ன குறைச்சல் கண்ணு? நேரா மேல போகுது, மிளகு ஏறுது, அவசரத்துக்கு வித்துக்கலாம். பலாவை வெட்டப் போனா எத்தனை ஆபீஸ் ஏறணும்?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மிளகுக் காசு எங்கள் வீட்டிலும் வருகிறது. சில்வர் ஓக் பூத்தால் தேனுக்குக் குருவிகள் வருவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பழம் கிடையாது. மெல்லிய சிறகு வைத்த விதை, காற்றில் பறந்துபோகும். பழம் தின்னும் பறவைக்கு அங்கே வந்து தங்க வேலையில்லை. எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் அடியில் நான் தேடியவரை முளைத்திருப்பது சில்வர் ஓக்கும் காப்பியும்தான். பலா அடியில் பத்து வகை கன்று. பட்டியில் காடு வர வேண்டுமானால் கல்கட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள காப்பித் தோட்டத்தில் விதை மரம் நிற்க வேண்டும், குருவி இங்கே தின்று அங்கே போய் எச்சம் போடும். தோட்டம் வேறு, காடு வேறு என்று நான் நினைத்திருந்தது தப்பு.

நிழல் போனால் என்ன ஆகும் என்று நான் காசு கொடுத்தே தெரிந்துகொண்டேன். 2019-இல் ஒருவர் ஆலோசனை கேட்டு, விளைச்சல் கூடும் என்று நம்பி, தோட்டத்தின் கிழக்கு மூலையில் மேல்நிழலை நன்றாகக் குறைத்தேன். ஒரு வருடம் காய்த்தது, உண்மை. அடுத்த வருடம் போரர் விழுந்தது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வெயில் படும் தண்டைத் தேடி வரும் வண்டு. தண்டின் வெடிப்பில் முட்டை வைக்கும், புழு உள்ளே போய் மாதக்கணக்கில் குடையும். வெளியே இலை மஞ்சளாகி வாடும், தண்டில் லேசாக மேடு தட்டும். அந்த இடத்தில் செடியை வளைத்தால் மளுக்கென்று முறியும். உள்ளே மாவு அடைத்த சுரங்கம், அதன் நுனியில் கொழுத்த ஒரு வெள்ளைப் புழு. பன்னிரண்டு வயசுச் செடிகள் நூற்றுப்பத்து பிடுங்கி, வண்டு வெளியே வருவதற்குள் எரித்தோம். அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. மிச்சச் செடிகளுக்குத் தேங்காய் நாரால் பட்டையைத் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்தோம். அந்த மூலையில் இப்போது நாவலும் சந்தன வேம்பும் கடுக்காயும் வைத்திருக்கிறேன். கோயில் காட்டை ஒட்டிய பாதையில் உதிர்ந்து கிடந்த பழத்திலிருந்து எடுத்த விதைகள். காட்டுக்குள் குச்சி ஒடிக்கக் கூடாது, பாதையில் கிடப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று தாத்தாதான் ஊரில் கேட்டுச் சொன்னார். நாவல் விதையைக் காயவிடாமல் ஒரு வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும், வைத்திருந்தால் முளைக்காது.

எனக்குப் பயம் எல்லாம் காப்பி விலை ஏறியதைப் பார்த்துத்தான். 2024 கடைசியில் உலகச் சந்தையில் அராபிகா விலை 1977-இன் உச்சத்தையே தாண்டியது. நல்ல விலைக்கு ஏங்கியவர்கள் நாங்கள், சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தையிலிருந்து நாலாபக்கமும் மரம் அறுக்கும் மிஷின் சத்தம். நிழலைக் குறைத்தால் இன்னும் நாலு மூட்டை என்று ஒவ்வொருவரும் கணக்குப் போடுகிறார்கள். விலை விழுந்த காலத்தில் மாட்டை நம்பினோம், விலை ஏறிய காலத்தில் மரம் போகிறது. போன மாசம் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் இச்சி மரத்தைச் சாய்த்தார்கள், எங்கள் தீவுகளுக்கு வந்த குக்குறுவான்கள் பாதி அதில்தான் கூடு வைத்திருந்தன. நான் போய்க் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் பாவம், மகள் கல்யாணத்தைச் சொன்னார். என்ன பேசுவது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டு வந்தேன்.

பட்டி இன்று எப்படி இருக்கிறது என்று கேட்டால்: ஒன்றேமுக்கால் ஏக்கரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிழல் விழுந்திருக்கிறது. மேல் மூன்று தீவுகள் நாவல் மரத்தோடு ஒட்டிவிட்டன. கீழே இன்னும் கினியாப் புல்தான். மாசியில் இப்போதும் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறோம், அக்காவும் நானும் மாறி மாறி மதியத்தில் காவல் இருக்கிறோம். ஊற்று முன்பைவிட இரண்டு வாரம் கூடுதலாகக் கசிகிறது போலத் தெரிகிறது, ஆனால் கடந்த இரண்டு வருடமும் மழை நன்றாகப் பெய்தது, அதனால் மரத்துக்கு அதன் பெயரை இன்னும் கொடுக்க மாட்டேன். இரண்டு மாடு மறுபடி வாங்கியிருக்கிறோம், கட்டுத்தறியில், எருவுக்கும் வீட்டுப் பாலுக்கும். கீழ்ப்பாதிக் கினியாப் புல்லை அறுத்து அவற்றுக்குத்தான் போடுகிறோம்.

இந்தப் பறிப்பு முடிந்ததும் அடுத்த வேலை, கல்கட்டை ஒட்டி நிற்கும் பன்னிரண்டு சில்வர் ஓக். அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கிடைத்தால் அடியோடு சாய்க்காமல் பட்டையைச் சுற்றி உரித்து நின்றபடியே காயவிடலாம் என்று நினைக்கிறேன், காப்பிச் செடி நசுங்காது, மொட்டை மரம் சில வருடம் குருவிக்கு நிற்கும், அதற்குள் அடியில் வைத்த நாவலும் கடுக்காயும் எழுந்துவிடும். சித்தப்பா சம்மதித்துவிட்டார். அப்பா மட்டும் இரண்டை விடச் சொல்கிறார், அவற்றில் ஏறியிருக்கும் மிளகுதான் தோட்டத்திலேயே நன்றாகக் காய்க்கிறதாம். எந்த இரண்டு என்று கேட்டால் நேரில் வந்து காட்டுகிறேன் என்கிறார். முட்டி வலி தேவலையானதும் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், அவர் காட்டும் மரங்களில் சுண்ணாம்பு பூசி வைக்க வேண்டும்.